கரையில் பந்தி

பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
நற்செய்தி: யோவான் 21:1-19



இன்றைய நற்செய்தியை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். கரையில் நிற்பவர் ஆண்டவர்தான் என்று கேட்டதும் பேதுரு என்ன செய்கிறார்? கழற்றி வைத்திருந்த மேலாடையை எடுத்துப் போட்டுக்கொண்டு கடலில் குதிக்கிறார். கடல் தெரிந்தவன் எவனும் தண்ணீரில் இறங்குமுன் சட்டையைக் கழற்றுவான். இந்த மனிதர் போட்டுக்கொண்டு குதிக்கிறார்! பெரியவர் முன்னால் வெற்றுடம்போடு போய் நிற்கக்கூடாது என்ற கூச்சம் ஒரு பக்கம். படகு கரை சேரும்வரை பொறுத்திருக்க முடியாத அவசரம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து வந்தால் மனிதன் இப்படித்தான் எதையாவது செய்வான். பேதுருவை எனக்குப் பிடித்துப்போனதே இந்த மாதிரி காரியங்களால்தான்.

படகில் ஏழு பேர். சீமோன் பேதுரு, தோமா, கானாவூர் நத்தனியேல், செபதேயுவின் மக்கள் இருவர், இன்னும் இரண்டு சீடர்கள். பெயர் சொல்லப்படாத அந்த இரண்டு பேர் நீங்களும் நானும்தான் என்று மறையுரைகளில் சொல்வது வழக்கம். நான் அதைச் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கும் பெயர் இருந்தது, வீடு இருந்தது, ராத்திரி முழுக்க வலை இழுத்த கை வலி இருந்தது. ஏழு பேரும் பழகியவர்கள். அந்த இரவு அவர்களுக்கு மீன்பாடு ஒன்றுமே இல்லை. வெறும் படகோடு விடியற்காலையில் திரும்புகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்பதை இந்தக் கோவிலில் பாதிப் பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கண் சிவந்திருக்கும். உப்பு காய்ந்து கையெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். கரையில் இருந்து யாராவது "என்னப்பா, ஏதாவது கெடைச்சுதா?" என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆண்டவர் அதைத்தான் கேட்கிறார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வலப்பக்கம் வலை வீசச் சொல்கிறார். வீசுகிறார்கள். இழுக்க முடியாத அளவுக்கு மீன். எண்ணிப் பார்த்தால் 153 பெரிய மீன்கள். இந்த எண்ணுக்குத் திருச்சபைத் தந்தையர் எத்தனையோ பொருள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து பதினேழு வரை வரிசையாகக் கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தினார் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு எளிதாகத் தோன்றுவது வேறு. யோவான் மீனவர் வீட்டுப் பிள்ளை. கரைக்கு வந்த மீனை எண்ணாமல் விடுவாரா?

நான் இன்று நிற்க விரும்பும் இடம் மீன்பாடு அல்ல, அதற்கு அப்பால். அவர்கள் கரைக்கு வந்து இறங்கியபோது அங்கே கரிநெருப்பு மூட்டியிருந்தது. அதன்மேல் மீன் இருந்தது. பக்கத்தில் அப்பம் இருந்தது. கவனியுங்கள், அது அவர்கள் பிடித்த மீன் அல்ல. அவர்கள் வலை இன்னும் தண்ணீரில்தான் கிடந்தது. சமையலை அவரே முடித்து வைத்திருந்தார். அதன் பிறகுதான் நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்கிறார். விருந்துக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு உட்காரக் கூசுவார்களே, அந்தக் கூச்சத்துக்கும் ஒரு வழி செய்துவிட்டார். பிறகு அவரே அப்பத்தை எடுத்துக் கொடுக்கிறார், மீனையும் கொடுக்கிறார். சாவை வென்று எழுந்தவர், வானதூதர்களின் படையைக் கூப்பிட்டு எருசலேமைக் கிடுகிடுக்க வைத்திருக்கலாம். அவரோ கரையில் உட்கார்ந்து தோழர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்து போடுகிறார்.

இது நடந்ததாக மரபு காட்டும் இடம் திபேரியக் கடலின் வடமேற்குக் கரையில் இருக்கும் தப்கா. கடல் என்று சொன்னாலும் அது நன்னீர் ஏரி. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர், அகலம் 13. கடல் மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கும் தண்ணீர். கரையை ஒட்டி, கருங்கற்களால் 1933இல் பிரான்சிஸ்கு சபையினர் கட்டிய சிறு கோவில் ஒன்று இருக்கிறது. பீடத்துக்கு முன்னால் தரையிலிருந்து ஒரு பாறை எழுந்து நிற்கும். அதைக் கிறிஸ்துவின் மேசை என்று அழைக்கிறார்கள். திருத்தந்தையர் புனித ஆறாம் பவுல் 1964இலும் புனித இரண்டாம் யோவான் பவுல் 2000த்திலும் அங்கே போய்ச் செபித்தார்கள்.

திருநாட்டுப் பயணம் போய் வந்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். அந்த ஏரிக்கரை உணவகங்களில் பயணிகள் எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது 'பேதுரு மீன்'. தண்ணீரைப் பார்த்தபடி மேசை, எதிரே கோலான் குன்றுகள், தட்டில் தலையோடும் வாலோடும் முழுசாகப் பொரித்த மீன், எலுமிச்சைத் துண்டு. அந்த மீன் வேறு யாரும் அல்ல, நம்மூர் ஏரியில் பிடித்து ஜிலேபி என்று விற்கிறோமே, அதன் நெருங்கிய சொந்தக்காரன். வஞ்சிரம் வாங்க வசதியில்லாத வீடுகளில் குழம்பாகக் கொதிக்கிற மீன் அங்கே போனால் முதல் திருத்தந்தையின் பெயரைச் சூடிக்கொண்டு படம் எடுக்கப்படுகிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

நம் பக்கம் வருவோம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் தெரிகிற இடமெல்லாம் இப்போது உணவகம். சனி, ஞாயிறு என்றால் மாலை நான்கு மணிக்கே கடல் பக்கத்து மேசைக்குப் பெயர் எழுதிக் காத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் மொட்டைமாடியில் உட்கார்ந்தால் ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பல்லவர் கோவில் ஒரு பக்கம், வரிசையாக ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள் ஒரு பக்கம். நம் பங்கிலேயே மென்பொருள் அலுவலகங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மாதச் சம்பளம் வந்ததும் நண்பர்களோடு போய் வருகிறார்கள். பங்கில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இதைப் பற்றி என்னிடம் கேட்டார்: "எங்க வீட்டு வாசல்ல நின்னாலே தெரியுற கடலைப் பார்க்கவா சாமி இவ்ளோ காசு குடுக்குறாங்க?"

அவருக்கு நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். காசு கடலுக்கு மட்டுமில்லை. கூட உட்காரும் ஆட்களுக்காகவும்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை. நண்பர்களோடு உட்கார்ந்து, காற்று வாங்கி, நன்றாகச் சாப்பிட்டுச் சிரிப்பது பாவம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அது இன்றைய நற்செய்தி அல்ல. நான் உங்களை நண்பர்கள் என்று அழைக்கிறேன் என்ற பொருளில் நம் ஆண்டவர் பேசியதே ஒரு மேசையில்தான். பிற்பாடு நூற்றுவர் தலைவர் கொர்னேலியு வீட்டில் உயிர்த்தெழுந்த இயேசுவுக்குச் சாட்சி சொல்ல எழுந்த பேதுரு, தங்களை அடையாளம் காட்டிக்கொண்டது எப்படித் தெரியுமா? அவரோடு உண்டவர்கள், குடித்தவர்கள் என்று. மீன் வாசனை அடித்த அந்தக் காலையைத்தான் சாட்சியாகக் கொண்டுபோனார்.

ஆனால் கடலோர மேசைக்கு ஒரு சோதனை உண்டு. சில மாதங்களுக்கு முன் நம் பகுதியில் ஒன்றாகப் பள்ளியில் படித்த நண்பர்கள், இப்போது நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அப்படி ஓர் உணவகத்தில் கூடினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். பணியாளர் ஒரு பெரிய தட்டில் பச்சை மீனை அடுக்கிக் கொண்டுவந்து காட்டினார். வஞ்சிரம், சங்கரா, பாறை, நடுவில் மீசையை நீட்டிக்கொண்டு ஒரு சிங்கி இறால். எடைக்கு விலை. எல்லாரும் ஆகா என்று பார்த்துக்கொண்டிருக்க, அவர்களில் இன்னும் கடலுக்குப் போகும் ஒருவர் மட்டும் கையை நீட்டி வஞ்சிரத்தின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே சிவப்பு இல்லை, பழுப்பு. "இது ஐஸ்ல நாலு நாள் படுத்த மீன் தம்பி, பாறைய வை" என்றார். பணியாளர் மறுபேச்சு பேசவில்லை.

அந்த மனிதரைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேசைக்கு வந்ததும் எல்லாரும் கடல் தெரியும் பக்கத்து நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் மரியாதைக்கு ஒன்று ஒதுக்கினார்கள். அவர் எதிர்ப்பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "நான் தெனமும் பாக்குறதுதானடா, நீங்க பாருங்க" என்றார். மற்றவர்கள் கடலையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு எதிரே இருந்தது நண்பர்களின் முகங்கள் மட்டும். ஆகவே யாருடைய இலையில் சோறு தீர்ந்தது, யாருக்குத் தண்ணீர் வேண்டும், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு நண்பர் தன் சின்ன மகளைக் கூட்டி வந்திருந்தார். பொரித்த பாறையைப் பிய்த்து, முள்ளை விரல் நுனியால் தடவித் தடவி எடுத்து, சதையை மட்டும் அந்தக் குழந்தையின் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார் இவர். தன் தட்டில் இருந்தது ஆறிப்போயிற்று.

சீராக்கின் ஞான நூலில் விருந்தைப் பற்றி நீளமாகவே எழுதியிருக்கிறது. எட்டி எடுக்க முதல் ஆளாகக் கையை நீட்டாதே, பக்கத்தில் இருப்பவனின் விருப்பத்தை உன் விருப்பத்தைக் கொண்டு உணர்ந்துகொள் என்ற வகையில் போகும். பந்திக்கு உன்னைத் தலைவனாக வைத்தால் பெருமை கொள்ளாதே. மற்றவர்களைக் கவனித்துவிட்டுப் பிறகு நீ உட்கார் என்றும் சொல்கிறது. கிறிஸ்துவுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய ஞானி அந்த மீனவ நண்பரைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். திபேரியாவின் கரையில் ஆண்டவர் செய்ததும் இதுவே. அவருக்கு முன்னால் இருந்தது விடியற்காலை ஏரி. அவர் பார்த்தது ஏழு பேரின் முகத்தை.

அந்த விருந்தில் இன்னொன்றும் நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கூட்டாளிகளில் ஒருவர் வரவில்லை. அவரைக் கூப்பிடவில்லை. கூட்டாகப் படகு எஞ்சின் வாங்கியதில் அவர் தர வேண்டிய பங்குப் பணத்தைத் தராமல் இழுத்தடித்திருக்கிறார். இரண்டு பேருக்கு நிஜமாகவே நஷ்டம். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் மீன் வறுவல் வந்ததிலிருந்து ஐஸ்கிரீம் முடியும்வரை அவரைப் பற்றியே பேச்சு. சின்ன வயதில் அவர் பரீட்சையில் தோற்றதுவரை இழுத்துப் பேசினார்கள். கடல் அப்படியே கிடந்தது. யாரும் பார்க்கவில்லை.

புனித அகுஸ்தினார் ஆயராக இருந்த ஹிப்போவும் கடற்கரை நகரம்தான். இன்று அல்ஜீரியாவில் அன்னாபா என்று அழைக்கப்படுகிறது. அவரோடு பழகிய ஆயர் பொசிதியுஸ் அவருடைய வரலாற்றை எழுதியிருக்கிறார். அதன்படி அகுஸ்தினார் வீட்டு மேசையில் விருந்தினர் யாரும் தவறாமல் பார்க்கும்படி இரண்டு வரிகள் எழுதியிருந்தன. எதிரில் இல்லாத ஆளின் பெயரைக் கடித்துத் தின்ன விரும்புகிறவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்பது சாரம். ஒருநாள் கூட இருந்த ஆயர்கள் சிலரே அதை மறந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். அகுஸ்தினாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்று இந்த வரிகளை மேசையிலிருந்து அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் நான் சாப்பாட்டின் நடுவிலேயே எழுந்து என் அறைக்குப் போய்விடுவேன் என்றாராம். ஆயர்களுக்கே இந்தக் கதி என்றால் பங்குத்தந்தைக்கும் பங்கு மக்களுக்கும் கேட்கவே வேண்டாம்.

திரும்பவும் கரிநெருப்புக்கு வருகிறேன். யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இதற்கு முன் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. தலைமைக் குருவின் வீட்டு முற்றம். குளிர்ந்த இரவு. காவலர்களும் பணியாளர்களும் நெருப்பைச் சுற்றி நின்று குளிர்காய்கிறார்கள், பேதுருவும் நிற்கிறார். வாயில் காக்கும் பெண் கேட்டபோது இல்லை என்றவர், சுற்றி நின்றவர்கள் கேட்டபோதும் இல்லை என்கிறார். கடைசியில், தான் காதை வெட்டிய ஆளின் உறவுக்காரனே வந்து, உன்னைத் தோட்டத்தில் பார்த்தேனே என்று கேட்டபோதும் இல்லை என்கிறார். சேவல் கூவுகிறது.

இப்போது இன்னொரு கரிநெருப்பு. கரியின் புகை மூக்கில் ஏறிய கணத்தில் பேதுருவுக்கு என்ன நினைவு வந்திருக்கும்? இரவெல்லாம் வலை இழுத்த பசியிலும் முதல் கவளம் தொண்டையில் இறங்கியிருக்குமா என்பது சந்தேகம். எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரை நான் தெரியாது என்றேனோ அவர். எப்போது கேட்கப்போகிறாரோ என்று காத்திருந்திருப்பார்.

அவர் கேட்கவில்லை. அப்பத்தைக் கொடுத்தார், மீனைக் கொடுத்தார். எல்லாரும் உண்டு முடித்த பின்புதான் கேட்டார் என்று யோவான் கவனமாக எழுதிவைத்திருக்கிறார். கேட்ட கேள்வியும் ஏன் மறுதலித்தாய் என்பதல்ல. என்மீது உனக்கு அன்பு உண்டா என்பது. மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை பேதுருவுக்கு மனம் நொந்தது. நோகாமல் அந்தப் பேச்சை முடிக்க ஆண்டவராலும் ஆகவில்லை. நட்பில் கணக்குத் தீர்க்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எஞ்சின் பணம் எஞ்சின் பணம்தான். ஆனால் வரிசை ஒன்று இருக்கிறது. ஆண்டவர் முதலில் பசியை ஆற்றுகிறார். கணக்கு அப்புறம் வருகிறது. நாமோ முதலில் கணக்கு, கணக்குத் தீர்ந்தால் சோறு என்கிறோம். அந்த வரிசையில் போனால் முக்கால்வாசிக் கணக்குகள் சாகும்வரை தீராது. இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. இந்தப் பங்கில் அடக்கச் சடங்குகள் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பத்து வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் நின்று அழுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்.

அந்தப் பள்ளித் தோழர்களில் ஒருவரிடம் பிறகு இதைச் சொன்னேன். "கூப்பிட்டா வரமாட்டான் சாமி" என்றார். இருக்கலாம். கடைசி இரவு உணவில் ஆண்டவர் அப்பத்தைத் தோய்த்துக் கொடுத்தார். யூதாசு அதை வாங்கிக்கொண்டு இருட்டில் எழுந்து போனார். கரையில் அப்பத்தைக் கொடுத்தார். பேதுரு இருந்து சாப்பிட்டார். இருவரும் என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்த்துவிட்டா அவர் கையை நீட்டினார்?

இதுவரை சொன்னது நமக்குத் தவறு செய்த நண்பனைப் பற்றி. இதைவிடக் கடினமான ஒன்று பாக்கி இருக்கிறது. லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு விருந்தில் உட்கார்ந்துகொண்டே, விருந்து வைத்தவரைப் பார்த்து, நீ விருந்து வைத்தால் நண்பர்களையும் உறவினரையும் செல்வரான அண்டை வீட்டாரையும் கூப்பிடாதே என்கிறார். அவர்கள் உன்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள், கணக்கு நேராகிவிடும். ஏழைகளையும் ஊனமுற்றோரையும் கூப்பிடு என்கிறார். சாப்பிட உட்கார்ந்த வீட்டிலேயே இப்படிப் பேச ஆண்டவர் ஒருவரால்தான் முடியும். இந்த வார்த்தை பேதுருவுக்கு எப்போது முழுசாக விளங்கியது என்று தேடினால், அதுவும் ஒரு கடற்கரையில்தான்.

திருத்தூதர் பணிகள் 9, 10 அதிகாரங்களை வீட்டில் எடுத்துப் பாருங்கள். யோப்பா துறைமுகத்தில் சீமோன் என்ற தோல் பதனிடுபவர் வீட்டில் பேதுரு தங்கியிருக்கிறார். வீடு கடலோரத்தில் இருந்தது என்று லூக்கா எழுதியிருக்கிறார். அதே யோப்பா, இன்றைய யாஃபா, இப்போது துறைமுகத்தை ஒட்டிக் கடல் உணவு விடுதிகளும் பயணிகளுமாகக் கலகலவென்று இருக்கிறது. மேட்டில் புனித பேதுரு கோவில். பேதுரு தங்கிய வீட்டிலிருந்து பார்த்தாலும் கடல் அழகாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அது தோல் பதனிடும் வீடு. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும், தோல் ஊறும் தொட்டிகளின் வாடை எப்படிப்பட்டது என்று. செத்த விலங்கின் தோலைத் தொடுகிற தொழில் என்பதால் யூத சமூகத்தில் மதிப்பில்லாத தொழில் அது. திருச்சபையின் முதல் தலைவருக்கு வாய்த்த கடற்கரை மாடி அந்த வாடைக்கு நடுவில் இருந்தது.

நண்பகல். மாடியில் செபிக்கப் போனவருக்குப் பசி எடுக்கிறது. கீழே சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு காட்சி. நான்கு முனைகளும் கட்டிய பெரிய விரிப்பு ஒன்று வானத்திலிருந்து இறங்குகிறது. அதில் யூதர் தொடவே கூடாத உயிரினங்கள் எல்லாம் இருக்கின்றன. எழுந்து அடித்துச் சாப்பிடு என்று குரல். பேதுரு மறுக்கிறார், தீட்டானதை ஒருநாளும் தின்றதில்லை என்கிறார். மறுபடி குரல். மூன்று முறை. இந்த மனிதருக்கு எதுவும் மூன்று முறை சொன்னால்தான் ஏறும் போலிருக்கிறது. அவர் குழம்பிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அனுப்பியவர்கள், பிற இனத்தார். பேதுரு அவர்களை உள்ளே அழைத்து அன்றிரவு தங்க வைக்கிறார். மறுநாள் புறப்பட்டு இன்னொரு கடற்கரை நகரமான செசரியாவுக்குப் போய் அவர்கள் வீட்டிலேயே சில நாள் தங்குகிறார்.

எருசலேமுக்குத் திரும்பியதும் சொந்தச் சபையார் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். எதற்காகத் தெரியுமா? ஏன் அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. விருத்தசேதனம் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களோடு ஏன் சாப்பிட்டாய் என்றுதான் கேட்டார்கள். ஞானஸ்நானம் பெறட்டும், பக்கத்தில் உட்காரக்கூடாது. இந்தக் கேள்வி எருசலேமோடு முடிந்துபோனதா? நம் தமிழ்நாட்டுத் திருச்சபையில் ஒரே கிண்ணத்தில் நற்கருணை வாங்கிய கை, கல்யாண வீட்டில் யார் பரிமாறியது என்று பார்த்துத்தான் தொடுகிறது. கல்லறையில்கூட வரப்பு கட்டிப் பிரித்த ஊர்கள் இருக்கின்றன. கடலோர உணவகத்தில் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றிச் சிரிக்கிற படங்களை நீங்கள் கைப்பேசியில் எனக்கு அனுப்புகிறீர்கள். சந்தோஷமாகத்தான் பார்க்கிறேன். பார்க்கும்போது ஒன்றையும் கவனிக்கிறேன். பத்து முகமும் பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே வருமானம். இருபது வருஷமாக அதே பத்துப் பேர். நம் பங்கில் படகுக்காரர் இருக்கிறார், ஐடி பார்க்குக்குப் போகிறவர் இருக்கிறார், வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்து ஞாயிறு தவறாமல் கடைசி வரிசையில் நின்று பூசை கண்டுவிட்டுப் போகும் ஒடிசாப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூசை முடிந்து அவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

பேதுருவின் கதை யோப்பா மாடியோடு நல்லபடி முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். பிறகு அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு சகஜமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபையின் யாக்கோபிடமிருந்து சில ஆட்கள் வந்ததும் பயந்துபோய் அந்த மேசையிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலே இதை எழுதிவைத்திருக்கிறார். ஆண்டவர் கையால் மீனும் அப்பமும் வாங்கிச் சாப்பிட்டவர், வானத்திலிருந்து விரிப்பு இறங்கியதைப் பார்த்தவர், ஊர் என்ன சொல்லுமோ என்று எழுந்து போனார். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவ்வளவு பலமானது. நமக்கு அது தெரியாதா என்ன?

இப்போது நம் ஊர் விஷயம். ஏப்ரல் 15இலிருந்து மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காசிமேட்டுக்குக் கூலிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். இந்த இரண்டு மாதம் சில வீடுகளில் அடுப்பு எப்படி எரிகிறது என்று வின்சென்ட் தே பவுல் சபையாருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்த நாட்களில் கடற்கரை உணவகத்துக்குப் போகிறவர்களைப் போகாதீர்கள் என்று நான் தடுக்கமாட்டேன். போகும்போது, அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு நண்பனையும் அவன் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தர்மத்துக்காக அல்ல. தர்மம் என்றால் அவன் வரவும் மாட்டான், வரக்கூடாது. பழைய சிநேகிதன் என்று கூப்பிடுங்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து நல்ல மீன் எது என்று அவன் சொல்வான். அவன் பங்கு அது.

ஜூன் 13 புனித அந்தோனியார் திருவிழா. வழக்கம்போல மதியம் சமபந்தி விருந்து. தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு. இந்தத் தடவை ஒரு மாற்றம். கமிட்டியார், நன்கொடையாளர், வெளியூர் விருந்தினருக்கென்று பங்கு மன்றக் கூடத்தில் தனியாகப் போடும் மேசை கிடையாது. எல்லாருக்கும் வெளியே பந்தலில் ஒரே பந்தி. உட்கார வந்த வரிசைப்படி இலை. ஒடிசாப் பிள்ளைகளிடம் நானே பேசிவிட்டேன், வருகிறார்கள். இரண்டு பேர் பரிமாறவும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் கிடைத்த இடத்தில் உட்காருவேன், எனக்காக இடம் பிடித்து வைக்க வேண்டாம். இதில் யாருக்காவது வருத்தம் இருந்தால் விருந்துக்கு முன்னால் வந்து என்னிடம் பேச வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

இப்போது விசுவாச அறிக்கைக்காக எழுந்து நிற்போம்.